கடையின் வைஃபை பெட்டி: சாவி யார் கையில் இருக்க வேண்டும்?

கடை திறந்ததும் சாமி படத்துக்கு விளக்கேற்றுகிறோம். அடுத்து, சுவரில் மாட்டியிருக்கும் வைஃபை பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறோம். திருவாதவூர்ப் பலசரக்குக் கடையானாலும், மேலூர் கடைத்தெருவானாலும், மதுரை கீழமாசி வீதியின் மொத்தக் கடையானாலும் இன்றைய நிலை இதுதான். பில் போடும் கம்ப்யூட்டர், ஸ்வைப் மெஷின், கண்காணிப்பு கேமரா, ஜிஎஸ்டி கணக்கு, ஈ-வே பில், கொள்முதல் ஆர்டர் எல்லாம் அந்த ஒரு பெட்டியை நம்பி நடக்கின்றன.

ஆனால் அந்தப் பெட்டியில் ஒரு சிறு மாற்றம் செய்ய நினைத்தால்தான் சிக்கல் தெரிகிறது. புதிதாக வாங்கிய பில் பிரிண்டர் வைஃபையில் சேர மறுக்கிறது. கிட்டங்கி கேமராவை வீட்டிலிருந்து பார்க்க முடிவதில்லை. வாடிக்கையாளருக்கென்று தனி வைஃபை வைக்க வழி தெரியவில்லை. செட்டிங் பக்கத்தைத் திறந்தால் தேவையான பகுதி மறைக்கப்பட்டிருக்கிறது. இணைப்புக் கம்பெனிக்குப் போன் செய்தால், "அதை நாங்கள் மாற்ற முடியாது, நீங்களும் மாற்ற முடியாது" என்று பதில் வருகிறது. மாதா மாதம் பணம் கட்டுகிறோம், பெட்டி நம் சுவரில் இருக்கிறது, சாவி மட்டும் நம்மிடம் இல்லை. இது ஏன், இதற்கு வணிகர்கள் என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஃபைபர் இணைப்பில் கம்பெனி தரும் பெட்டி பார்ப்பதற்கு ஒன்று. செய்யும் வேலை மூன்று. முதலாவது, கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவது. இந்தப் பகுதிக்கு ஓஎன்டி என்று பெயர். இரண்டாவது, வரும் ஒரே இணைப்பைக் கடையிலுள்ள பல கருவிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது. இதுவே ரூட்டர். மூன்றாவது, அதைக் கம்பியில்லாமல் காற்றில் பரப்புவது. இது வைஃபை.

மின் இணைப்போடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். மின்வாரிய மீட்டருக்கு சீல் வைத்திருக்கிறார்கள். அதை நாம் தொடுவதில்லை, தொடவும் கூடாது. மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ள சுவிட்ச் போர்டு, விளக்கு, மின்விசிறி எல்லாம் நம்முடையவை. எந்த அறையில் எத்தனை விளக்கு போடுவது என்று வாரியத்தைக் கேட்பதில்லை. வைஃபை பெட்டியில் மீட்டரும் சுவிட்ச் போர்டும் ஒரே டப்பாவில் அடைக்கப்பட்டு, மொத்தமாக சீல் வைக்கப்பட்டிருக்கின்றன. தொல்லை முழுவதும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

தொலைபேசிக் கம்பி வழியே பிராட்பேண்ட் வந்த காலத்தில் நிலைமை வேறு. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் தொடங்கியபின், மோடத்தை வாடகைக்கும் எடுக்கலாம், கடையில் வாங்கியும் வைக்கலாம். யூசர் பெயரும் பாஸ்வேர்டும் போட்டால் இணைப்பு வந்துவிடும். ஃபைபரில் அப்படி இல்லை. ஒரே இழை வழியில் பிரிந்து பல வீடுகளுக்குப் போகிறது. எந்தப் பெட்டி யாருடையது என்பதை எக்சேஞ்சில் உள்ள கருவி, பெட்டியின் வரிசை எண்ணை வைத்து அடையாளம் காண்கிறது. அந்த எண் அங்கே பதிவாகாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெட்டியானாலும் வேலை செய்யாது. ஆகவே மீட்டர் பகுதி கம்பெனியின் பொறுப்பில் இருப்பதில் நியாயம் உண்டு.

பூட்டுவதற்குக் காரணங்கள்

பெட்டியில் பொதுவாக இரண்டு நுழைவுகள் இருக்கும். அடியில் ஒட்டியுள்ள சீட்டில் அச்சிட்டிருப்பது சாதாரண யூசர் நுழைவு. அதில் வைஃபை பெயர், பாஸ்வேர்டு போன்ற சிலவற்றை மட்டும் மாற்றலாம். மற்றவற்றை மாற்றும் மேல்நிலை நுழைவைக் கம்பெனி வைத்துக்கொள்கிறது. தூரத்திலிருந்தபடியே பெட்டியைப் பார்வையிட, சரிசெய்ய, புதிய மென்பொருள் ஏற்ற ஒரு வழியும் உண்டு. 2004இல் வெளியான டிஆர்-069 என்ற நெறிமுறை இதற்கென்றே உருவானது. நாம் ஒரு மாற்றம் செய்து சில நாளில் அது பழையபடி ஆகிவிடுகிறது என்றால், பெரும்பாலும் கம்பெனி இந்த வழியாகத் தன் செட்டிங்கை மறுபடி ஏற்றியிருக்கும்.

பூட்டுவதற்கு அவர்கள் பக்கம் சொல்லும் காரணங்களையும் கேட்க வேண்டும். 2017 ஜூலையில் நம் நாட்டில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்களை வைரஸ் தாக்கிப் பல செயலிழந்தன. வாங்கியபோது இருந்த "அட்மின்" என்ற பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்த மோடம்களே மாட்டிக்கொண்டன. பாஸ்வேர்டை உடனே மாற்றும்படி பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

இன்னொன்று, 2008 ஜூலையில் நடந்த அகமதாபாத் குண்டுவெடிப்பு. அதற்குப் பொறுப்பேற்ற மின்னஞ்சல், நவி மும்பையில் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து கிடந்த ஒருவருடைய வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. சம்பந்தமே இல்லாத அந்த இணைப்புக்காரர் விசாரணைக்கு ஆளானார். அதன்பின் 2009 பிப்ரவரியில், வைஃபையைப் பாதுகாப்பாகவும், யார் பயன்படுத்துகிறார் என்று தெரியும்படியும் வைத்திருக்க வேண்டுமெனத் தொலைத்தொடர்புத் துறை இணைப்புக் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது.

ஆனால் பூட்டு இருந்தால் பாதுகாப்பு தானே வந்துவிடும் என்பதும் சரியல்ல. 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச் டெலிகாம் வாடிக்கையாளர்களின் சுமார் 9 லட்சம் ரூட்டர்கள் முடங்கின. ரூட்டர்களைத் தூரத்திலிருந்து பராமரிப்பதற்காக வைத்திருந்த வழியையே தாக்குதல்காரர்கள் குறிவைத்திருந்தார்கள்.

மூன்றாவது காரணம் செலவு. செட்டிங்கை வாடிக்கையாளர் குழப்பிவிட்டால் ஆள் அனுப்ப வேண்டும். எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருந்தால் பராமரிப்பு எளிது. இது கம்பெனியின் வசதி. நம் வசதிக் குறைவுக்கு அதை முழுக் காரணமாக ஏற்க வேண்டியதில்லை.

கடைக்காரருக்கு வரும் தொல்லைகள்

1. இரண்டு பட்டைகளும் ஒரே பெயரில். வைஃபை 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பட்டைகளில் வருகிறது. 2.4 தூரம் போகும், சுவரைத் தாண்டும், வேகம் குறைவு. 5 வேகமானது, தூரம் குறைவு. பில் பிரிண்டர், விலை குறைந்த கேமரா, சில ஸ்வைப் மெஷின்கள் 2.4 பட்டையை மட்டுமே அறியும். பெட்டி இரண்டையும் ஒரே பெயரில் காட்டும்போது, மொபைல் 5 பட்டையில் இருக்க, கேமராவுக்கு அதைச் சேர்க்க முடியாமல் போகும். இரண்டு பெயராகப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அந்தப் பிரிக்கும் செட்டிங்தான் பல பெட்டிகளில் மறைந்திருக்கிறது.

2. சேனல். கடைத்தெருவில் வரிசையாகப் பதினைந்து இருபது கடைகள், எல்லாவற்றிலும் வைஃபை. 2.4 பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே. எல்லாப் பெட்டியும் ஒரே சேனலில் இருந்தால், சந்தை நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் கூவி விற்பது போலத்தான். சேனலை மாற்ற அனுமதி இருந்தால் பக்கத்துக் கடையோடு பேசி ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். இரும்பு ஷட்டர், அடுக்கிய எண்ணெய் டின், கூரை வரை ஏற்றிய அரிசி மூட்டை ஆகியவையும் அலையைத் தடுக்கும் என்பதை நினைவில் வைக்கவும். பெட்டியை மூட்டைக்குப் பின்னால் மறைக்காமல் உயரத்தில் திறந்த இடத்தில் மாட்டவும்.

3. விருந்தினர் வைஃபை. வாடிக்கையாளர் "பாஸ்வேர்டு சொல்லுங்கண்ணே, பணம் அனுப்பணும்" என்று கேட்டால் மறுக்க மனம் வருவதில்லை. ஆனால் பில் கம்ப்யூட்டர் இருக்கும் அதே வைஃபையில் ஊரார் மொபைல்களும் சேர்வது ஆபத்து. ஒருவருடைய மொபைலில் வைரஸ் இருந்தால் நம் பற்று வரவுக் கணக்கு வரை அது எட்டிப் பார்க்கலாம். வாடிக்கையாளருக்குத் தனிப் பெயரில் கெஸ்ட் வைஃபை வைப்பதே முறை. சில பெட்டிகளில் அந்த வசதியைத் திறந்து விடுவதில்லை.

4. வெளியிலிருந்து கேமரா பார்ப்பது. முன்பு போர்ட் ஃபார்வர்டிங் என்ற செட்டிங்கால் இதைச் செய்தார்கள். இன்று அந்த செட்டிங் திறந்திருந்தாலும் பலருக்கு வேலை செய்வதில்லை. காரணம் முகவரிப் பற்றாக்குறை. பழைய முறை இணைய முகவரிகள் உலகம் முழுவதற்கும் சேர்த்தே சுமார் 430 கோடிதான். ஆசிய பசிபிக் பகுதிக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டது. ஆகவே கம்பெனிகள் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குள் வைக்கின்றன. ஒரே கதவு எண்ணில் நூறு குடித்தனம் இருந்தால் தபால்காரர் யாரைத் தேடுவார்? வெளியிலிருந்து வரும் அழைப்பு நம் கேமராவைக் கண்டுபிடிக்க முடியாததும் அதனால்தான்.

எதைச் செய்யக் கூடாது?

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, பெட்டியின் பின்னால் உள்ள சிறு துளையில் ஊசியை விட்டு ரீசெட் செய்யும் பழக்கம். ஃபைபர் பெட்டியில் இதனால் இணைப்புக்கான விவரங்களே அழிந்துபோக வாய்ப்புண்டு. பண்டிகைக்கு முந்தைய நாள் இப்படிச் செய்துவிட்டு, லைன்மேன் வரும்வரை யுபிஐ இல்லாமல் உட்கார நேர்ந்தால் வியாபாரம் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, மேல்நிலை நுழைவின் பாஸ்வேர்டு இதுதான் என்று மொபைலில் சுற்றும் தகவல்கள். அவற்றைப் போட்டுப் பார்ப்பது இணைப்பு ஒப்பந்தத்துக்கு மாறாகலாம். ஏதேனும் பழுதானால் பொறுப்பும் நம் தலையில் விழும்.

நடைமுறை வழி: நம் சுவிட்ச் போர்டை நாமே வைப்பது

சீல் வைத்த பெட்டியோடு சண்டை போடுவதைவிட, அதை மீட்டராக மட்டும் வைத்துக்கொண்டு அதற்குப் பின்னால் சொந்த ரூட்டர் ஒன்றை மாட்டிவிடுவதே நல்லது. ரூட்டர் வாங்கும்போது இரண்டு பட்டைகளையும் தனித்தனியாகப் பெயரிட முடியுமா, கெஸ்ட் வைஃபை உண்டா என்று கேட்டு வாங்கவும். மாட்டும் முறை:

முதலில் கம்பெனிப் பெட்டியின் லேன் துளையிலிருந்து ஒரு கேபிளைப் புதிய ரூட்டரின் வான் துளையில் செருகவும். இரண்டு பெட்டிகளும் ஒரே எண் வரிசையைப் பயன்படுத்தக் கூடாது. கம்பெனிப் பெட்டி 192.168.1 என்று தொடங்கினால், புதியதில் 192.168.5 போன்ற வேறு வரிசையை வைக்கவும். புதிய ரூட்டர்களில் பல இதைத் தாமே பார்த்துக்கொள்கின்றன.

அடுத்து, பில் கம்ப்யூட்டர், பிரிண்டர், ஸ்வைப் மெஷின், கேமரா எல்லாவற்றையும் புதிய ரூட்டரிலேயே சேர்க்கவும். அதில் 2.4 பட்டைக்கு ஒரு பெயர், 5 பட்டைக்கு ஒரு பெயர் வைக்கவும். கம்பெனிப் பெட்டியின் வைஃபையை நிறுத்த முடிந்தால் நிறுத்தவும். நிறுத்த முடியாவிட்டால் பாஸ்வேர்டை மாற்றி அதை வீட்டு உபயோகத்துக்கு விடலாம். இந்த அமைப்பில் உள்ளே இருக்கும் ரூட்டரின் கருவிகளை வெளிப்பெட்டியில் சேர்ந்த மொபைல் நேரடியாக எட்ட முடியாது. ஆகவே கடைக் கணக்கு எப்போதும் உள் ரூட்டரில் இருக்க வேண்டும். வரிசையை மாற்றி மாட்டினால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

கம்பெனி ஒப்புக்கொண்டால் "பிரிட்ஜ் மோட்" கேட்டுப் பெறலாம். அப்போது அவர்கள் பெட்டி ஒளியை மாற்றும் வேலையை மட்டும் செய்யும். மற்றவை முழுவதும் நம் ரூட்டரின் பொறுப்பு. ஆனால் அதே பெட்டியில் தரைவழித் தொலைபேசியோ டிவி இணைப்போ வருகிறதென்றால், அவை பாதிக்கப்படுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளவும்.

கேமராவுக்கு, தயாரிப்பாளரின் மொபைல் ஆப் வழியாகப் பார்க்கும் முறையே எளிது. அதற்குப் போர்ட் திறக்க வேண்டியதில்லை. கேமராவின் பழைய பாஸ்வேர்டை மட்டும் கட்டாயம் மாற்றவும். பல கிளைகள் உள்ளவர்கள் தனிக் கட்டணம் செலுத்தி நிலையான முகவரி வாங்கலாம்.

மின்தடைக்காக இரண்டு பெட்டிகளையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டவும். ஒன்று மட்டும் எரிந்து பயனில்லை. பாஸ்வேர்டுகளைப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கவும். கல்லாவுக்கு எதிரே ஒட்டி வைக்க வேண்டாம்.

வாடிக்கையாளருக்கு முறையாக வைஃபை தர விரும்புவோருக்குப் பிஎம்-வாணி என்ற திட்டம் உண்டு. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்தது. டீக்கடை, மளிகைக் கடை போன்ற சிறு கடைகள் உரிமமோ உரிமக் கட்டணமோ இன்றிப் பொது வைஃபை மையம் நடத்தலாம். யார் பயன்படுத்துகிறார் என்ற பதிவும் முறைப்படி இருக்கும். இத்தகைய மையங்களுக்கு 200 எம்பி வேகம் வரையிலான ஃபைபர் திட்டங்களை, வீட்டு இணைப்புக் கட்டணத்தின் இரு மடங்குக்கு மேற்படாமல் தர வேண்டும் என்று 2025 ஜூனில் டிராய் உத்தரவிட்டது.

மற்ற நாடுகளில்

இந்தப் பிரச்சினை புதிதல்ல. முன்பு தொலைபேசித் துறை கொடுத்த கறுப்புக் கருவியை மட்டுமே வைத்திருந்த காலம் மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். 1984இல்தான் தொலைபேசிக் கருவிகளைத் தனியார் தயாரிக்க நம் நாட்டில் அனுமதி கிடைத்தது. அதன்பின் கடைகளில் விதவிதமான போன்கள் வந்தன. அமெரிக்காவில் 1968இல் கார்ட்டர்ஃபோன் என்ற கருவி பற்றிய வழக்கில், கட்டமைப்புக்குத் தீங்கு செய்யாத வெளியார் கருவியைத் தொலைபேசி இணைப்பில் சேர்க்கத் தடை கூடாது என்று அந்நாட்டு ஆணையம் முடிவு செய்தது.

ரூட்டர் விஷயத்திலும் அதே பாதையில் சில நாடுகள் நடந்திருக்கின்றன. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், எந்த ரூட்டரை வைப்பது என்பதை வாடிக்கையாளரே முடிவு செய்யலாம். இணைப்புக்குத் தேவையான விவரங்களைக் கம்பெனி கொடுத்தாக வேண்டும். இத்தாலியில் 2018இல் அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம் இதே உரிமையை அளித்தது. நம் நாட்டில் டிராய் புதிய விதிகளைக் கொண்டுவருமுன் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டு எல்லோரிடமும் கருத்துக் கேட்கிறது. வணிகர் சங்கங்கள் இந்தக் கோரிக்கையை எழுத்தில் அனுப்ப அது நல்ல வாய்ப்பு. "மீட்டர் உங்களுடையது, சுவிட்ச் போர்டு எங்களுடையது" என்பதே நம் கோரிக்கையின் சாரம்.

புகார் செய்யும் முறை

கடைத்தெருவில் வந்துபோகும் லைன்மேனிடம் வாயால் சொல்லிவிட்டுக் காத்திருப்பது பலன் தராது. 2012ஆம் ஆண்டு டிராய் விதிகளின்படி ஒவ்வொரு கம்பெனியும் புகார் மையம் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு புகாருக்கும் தனி எண் கொடுக்க வேண்டும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளவும். குறித்த கெடுவுக்குள் தீராவிட்டாலோ, தீர்வு திருப்தி தராவிட்டாலோ அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் முறையிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

புகாரில் "செட்டிங் பூட்டியிருக்கிறது" என்று மட்டும் எழுதாமல், அதனால் என்ன நடக்கிறது என்று எழுதவும். "ஸ்வைப் மெஷின் 2.4 பட்டையில் சேரவில்லை; இரண்டு பெயராகப் பிரித்துத் தரவும்" என்பது போலத் தெளிவாக இருந்தால், அவர்கள் தூரத்திலிருந்தே சில நிமிடங்களில் செய்துகொடுக்கக் கூடிய வேலையாக அது இருக்கலாம்.

அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம் உண்டு. தொலைத்தொடர்புச் சேவை பற்றிய குறைகளையும் நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு விலக்கு இருந்தாலும், சுயதொழிலாகத் தம் பிழைப்புக்காக மட்டும் கடை நடத்துவோருக்கு அந்த விலக்கு பொருந்தாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

இணைப்பு வாங்குமுன் கேட்க வேண்டியவை

சரக்கு வாங்குமுன் மூட்டையைக் குத்திப் பார்க்காமல் யாரும் விலை பேசுவதில்லை. இணைப்பு வாங்கும்போதும், புதுப்பிக்கும்போதும் கீழ்க்கண்டவற்றைக் கேட்டுப் பதிலை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தாகப் பெறவும்.

1. பெட்டி விலைக்கா, வாடகைக்கா, டெபாசிட்டுக்கா? இணைப்பை நிறுத்தினால் டெபாசிட் எப்போது திரும்பும்?
2. இரண்டு பட்டைகளையும் தனிப் பெயராகப் பிரித்துத் தருவார்களா?
3. சொந்த ரூட்டரை மாட்டினால் ஆட்சேபம் உண்டா? பிரிட்ஜ் மோட் கிடைக்குமா?
4. நிலையான முகவரி கிடைக்குமா, மாதக் கட்டணம் எவ்வளவு?
5. இந்தத் திட்டம் வீட்டு உபயோகத்துக்கா, கடை உபயோகத்துக்கா?
6. பெட்டி பழுதானால் எத்தனை நாளில் மாற்றுவார்கள்?

ஒரே தெருவில் பத்துக் கடைகள் சேர்ந்து இக்கேள்விகளைக் கேட்டால் பதிலின் தொனி மாறும். தனித்தனியே கேட்கும்போது "முடியாது" என்று சொல்லும் கம்பெனி, பத்து இணைப்புகள் கைமாறும் என்று தெரிந்தால் வழி தேடும். உறுப்பினர்கள் தங்கள் பகுதியில் எந்தத் திட்டத்தில் எந்த செட்டிங் திறந்திருக்கிறது என்ற விவரத்தைச் சங்கக் கூட்டத்தில் பகிர்ந்துகொண்டால், அடுத்து இணைப்பு வாங்குபவருக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.